கற்கத்தகும் பிறமொழி எது?

பிறநாட்டு மொழியொன்றைக் கற்றல் வேண்டும் என்னும் வேட்கை நம் மாணவரிடையே ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. மூன்று திங்களில் ஜெர்மன் பேசலாம், ஆறு திங்களில் ஜப்பானியம் பேசலாம் என்று கூறும் விளம்பரங்களை நாம் நாடோறும் காண்கின்றோம். வேட்கை நல்லதே. ஆயினும், எம்மொழியைக் கற்பது, எதன்பொருட்டுக் கற்பது, கற்றதனை எங்ஙனம் காப்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடைகண்ட பின்னர்க் கற்கப் புகுவார் மிகச் சிலர். பலர் ஒரு மொழியைத் தொடங்குவர்; எழுத்துக்களைப் பயில்வர்; வணக்கமும் நன்றியும் சொல்லக் கற்பர்; தேர்வொன்றில் தேறுவர்; ஈராண்டு கழிவதற்குள் அனைத்தையும் மறப்பர். பொருளும் போயிற்று, காலமும் போயிற்று, மொழியும் போயிற்று. இவ்விழப்பைக் காணுந்தோறும் எழுந்த எண்ணங்களை, நம் கல்லூரி மலரின் வாயிலாக மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைக்கத் துணிகின்றேன்.

ஆங்கிலத்தை யான் ஈண்டு இவ்வரிசையிற் சேர்க்கவில்லை. அது நம் வகுப்பறையிலும் அலுவலகத்திலும் நிலைத்துவிட்டது. வடமொழியும் இந்தியும் இந்நாட்டு மொழிகள். அவைபற்றிய வாதம் வேறு. தமிழும் ஆங்கிலமும் ஒருவாறு கைவரப்பெற்ற மாணவரொருவர், மூன்றாவதாகக் கடல்கடந்த மொழியொன்றைக் கற்க விரும்பின், எதனைத் தேர்ந்தெடுத்தல் தகும் என்பதே இங்கு வினா.

பயனுள்ள மொழியைக் கற்க என்பர் பெரியோர். பயன் என்பது யாது? கூலி தருவது ஒரு பயன்; அறிவு தருவது ஒரு பயன். தமிழ் பயிலும் மாணவருள் சிலர் முன்னதை இழித்துப் பேசுவர். யான் அவ்வாறு பேசேன். கடன்பட்டுப் படிக்கவைக்கும் பெற்றோரையுடைய மாணவர்க்குக் கூலியும் அறமே. செவிலியர் பணிக்கு ஜெர்மனி நாடு செல்லக் கருதும் பெண் ஜெர்மன் கற்கட்டும். அந்நாடு பி-2 என்னும் நான்காம் படியளவு மொழியறிவை அவளிடம் எதிர்பார்க்கின்றது. ஜப்பானியத் தொழிற்சாலையில் இடம்பெற்ற பொறியாளன் ஜப்பானியம் கற்கட்டும். பரங்கிப்பேட்டையினின்று வளைகுடா நாடுகட்குச் செல்லும் குடும்பத்தில் தோன்றிய இளைஞன் அரபியைக் கற்றால், வாழ்க்கைக்கும் வழிபாட்டுக்கும் ஒருங்கே உதவும். செல்லும் இடம் உறுதிப்பட்டவர்க்கு மொழியும் உறுதிப்பட்டுவிட்டது. அவர்க்கு ஆராய்ச்சி வேண்டுவதில்லை; உழைப்பே வேண்டும்.

ஆனால் நம்முட் பெரும்பாலோர் அத்தகையர் அல்லர். எங்கே செல்வோம், என்ன தொழில் புரிவோம் என்பது தெரியாத நிலையில், இன்று எம்மொழிக்கு விலையுண்டு என்று பிறர் பேசக் கேட்டு அதன்பின் ஓடுகின்றனர். சந்தை விலையை நம்பி மொழியைத் தேர்வதன் இடர்ப்பாட்டை அறியவேண்டின், தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் மாவட்டத்து நெய்வேலியே சான்று பகரும். 1956-இல் அங்கே பழுப்பு நிலக்கரிக் கழகம் தோன்றிற்று. அதன் முதல் அனல்மின் நிலையம் சோவியத்து நாட்டின் உதவியால் எழுந்தது. 1962-இல் மின்னாக்கம் தொடங்கிற்று. நிலத்தை அகழ்ந்த பேரெந்திரங்களோ ஜெர்மனியிலிருந்து வந்தன. அந்நாளில் நம் மாவட்டத்து மாணவன் ஒருவன், ருசிய மொழி கற்றால் வாழ்நாள் முழுதும் பயன்படும் என்று எண்ணியிருந்தால், அவனை யார் பழித்திருப்பார்? ஆயினும் 1991-இல் சோவியத்து ஒன்றியமே இல்லாதொழிந்தது. தொழிலின்பொருட்டு மட்டும் அதனைக் கற்றவனுக்கு மொழி கைவிட்ட கருவியாயிற்று. ருசிய இலக்கியத்தின்பால் கொண்ட காதலாற் கற்றவனுக்கோ தால்சுதாயும் செகாவும் எங்கும் போய்விடவில்லை. ஒரே மொழி, ஒரே முயற்சி, கற்ற நோக்கம் வேறாதலின் எஞ்சிய பயனும் வேறாயிற்று.

ஆகவே, செல்லுமிடம் உறுதிப்படாத மாணவர் மூன்று அளவைகளைக் கொண்டு மொழியைத் தேர்தல் வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, அம்மொழியின் வீட்டில் நமக்குரிய பொருள் ஏதேனும் நம் வரவை நோக்கிக் கிடக்கின்றதா? இரண்டு, அம்மொழியைப் பேசவும் கேட்கவும் படிக்கவும் வேண்டிய வாய்ப்பு நமக்கு எட்டும் தொலைவில் உள்ளதா? மூன்று, வேலை கிடைக்காமற் போயினும், கிடைத்த வேலை நீங்கினும், அம்மொழி நம்மோடு வாழத்தக்கதா? இம்மூன்றினையும் முறையே காண்பாம்.

முதலாவது அளவைக்குச் சிதம்பரமே நல்லதோர் எடுத்துக்காட்டைத் தருகின்றது. 1913-இல் யாழ்ப்பாணத்தைச் சார்ந்த தீவகத்தில் தோன்றிய சேவியர் தனிநாயக அடிகள், உரோமையில் இறையியல் கற்றுக் குருவானவர். இலத்தீனும் இத்தாலியமும் போர்ச்சுகீசியமும் பிரெஞ்சும் அறிந்த பின்னர், 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கு வந்து தமிழ் மாணவராக அமர்ந்தவர். பல மொழி அறிந்தவர் தமிழ்நூல்களை முறையாகக் கற்றபோது விளைந்தது யாது? போர்ச்சுகீசிய மொழியை அறிந்திருந்தமையால், ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிக் கிடந்த பழந்தமிழ் அச்சு நூல்களை அவர் இனங்கண்டார். 1554-இல் லிசுபன் நகரில் உரோமன் எழுத்தில் அச்சிடப்பெற்ற தமிழ் மறைக்கல்வி நூலைப்பற்றித் தமிழுலகுக்கு எடுத்துரைத்தார். அந்தாம் தெ புரோயென்சா பாதிரியார் தொகுத்து 1679-இல் அச்சேறிய, பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களையுடைய தமிழ்–போர்ச்சுகீசிய அகராதியை 1954-இல் வத்திக்கான் நூலகத்திற் கண்டு, 1966-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக மறுபதிப்பாக வெளிவரச் செய்தார். முந்நூறு ஆண்டுகட்கு முன் நம் முன்னோர் பேசிய சொற்கள் போர்ச்சுகீசியப் பொருளுரையோடு அந்நூலகத்தில் இருந்தன. தமிழ் மட்டும் அறிந்தவர் அங்குச் சென்றிலர். போர்ச்சுகீசியம் மட்டும் அறிந்தவர்க்கு அதன் அருமை விளங்கவில்லை. இரண்டும் அறிந்த ஒருவர் வரவேண்டியிருந்தது. பயனுள்ள பிறமொழி என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் யான் அறியேன்.

நிற்க. நம் கடற்கரைக்கு வந்த ஐரோப்பியர் ஒருவரல்லர். போர்ச்சுகீசியர் வந்தனர், பரங்கிப்பேட்டைக்குப் போர்ட்டோ நோவோ என்னும் பெயரைத் தந்ததோடு, சன்னல், அலமாரி, சாவி, மேசை என்னும் சொற்களையும் நம் வீட்டினுள் வைத்துச் சென்றனர். ஆலந்தர் வந்தனர், தேனியர் வந்தனர், பிரெஞ்சுக்காரர் வந்தனர், ஆங்கிலேயர் 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிப் புனித தாவீது கோட்டை என்று பெயரிட்டனர். இவர்கள் ஒவ்வொருவர் மொழியிலும் நம்மைப்பற்றிய செய்தி உண்டு. எல்லாவற்றையும் ஒருவர் கற்றல் இயலாது. ஆதலின் தேர்வு வேண்டும்.

ஜெர்மன் மொழியின் உரிமை பெரிது. சிதம்பரத்திற்குத் தெற்கே கொள்ளிடம் கடந்து சென்றால் தரங்கம்பாடி. அங்கே 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்று, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். தென்னிந்தியத் தெய்வங்களைப்பற்றி அவர் 1713-இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூல், அவர் நாட்டிலே அச்சேறப் பெறாது கிடந்து, 1867-இல் சென்னையில் வெளிவந்தது. திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்துக் கார்ல் கிரால் 1856-இல் வெளியிட்டார். தில்லைத் தலபுராணமாகிய சிதம்பர மாகாத்மியத்தை வரலாற்று நெறியில் ஆராய்ந்து கெர்மன் குல்கே 1970-இல் வெளியிட்ட பெருநூலும் ஜெர்மன் மொழியிலேயே உள்ளது. தில்லைக் கோபுரத்தை நாள்தோறும் காணும் நாம் அவ்வூரைப்பற்றிய அவ்வாராய்ச்சியை மூலத்தில் படிக்க இயலாதிருப்பது எண்ணத்தக்கதன்றோ? ஆகவே முதல் அளவையில் ஜெர்மன் குறைவின்றி நிற்கின்றது. மூன்றாவது அளவையிலும் நிற்கின்றது. ஆனால் இரண்டாவதில், அஃதாவது அண்மையில், அது சற்றுத் தளர்கின்றது. ஜெர்மன் பேசும் ஊர் நமக்கு அருகில் இல்லை.

பிரெஞ்சு மொழியோ மூன்று அளவைகட்கும் ஈடுகொடுக்கின்றது. ஆதலின், கடலூர்–சிதம்பரம் பகுதியில் வாழும் மாணவர்க்கு, வேறு கட்டாயம் ஒன்றும் இல்லாதவிடத்து, முதலிற் கற்கத்தக்கது பிரெஞ்சே என்று யான் துணிகின்றேன். காரணங்களைக் கூறுவேன்.

நம் ஊரின் வரலாறே பாதி பிரெஞ்சில் எழுதப்பட்டுள்ளது. 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியபின், ஆங்கிலேயரின் சோழமண்டலக் கரைத் தலைமையிடம் கடலூர்க் கோட்டையே. 1752 வரை அந்நிலை நீடித்தது. 1758-இல் லாலி அக்கோட்டையை வென்றான். 1783-இல் கடலூரைக் காத்து நின்ற பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டுப் போர் மூண்டிருந்தபோது, ஐரோப்பாவில் சமாதானம் உண்டான செய்தி வந்து போரை நிறுத்திற்று. இவற்றை நாம் பெரும்பாலும் ஆங்கிலேயர் எழுதியவற்றிலிருந்தே படித்திருக்கின்றோம். ஒரு வழக்கில் ஒரு திறத்தார் சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறுதல் முறையாகுமா?

இருதிறத்தையும் அருகிருந்து கண்ட தமிழர் ஒருவர் உளர். துப்ளேயின் துபாசியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பு, தமிழ் உரைநடைக்கே ஒரு செல்வம். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. மூலத்தில் சபை, பதவி, பட்டம் முதலியன குறிக்கும் பிரெஞ்சுச் சொற்கள் தமிழொலி பூண்டு விரவிக் கிடக்கின்றன. பிள்ளை குறித்த நிகழ்ச்சிகளையே புதுவை ஆலோசனைச் சபையார் பாரிசிலுள்ள தம் கம்பெனிக்குக் கடிதங்களாக எழுதினர். புதுவை ஆளுநராயிருந்த மர்த்தினோ அவற்றைப் பதிப்பித்திருக்கின்றார். தமிழ்க் குறிப்பையும் பிரெஞ்சுக் கடிதத்தையும் அருகருகே வைத்து ஒப்புநோக்குதல் தமிழ் சிறப்பு வகுப்பு மாணவர்க்கு எத்துணை இனிய பணி! அதனைச் செய்ய வேண்டியவர் யாவர்? இரு மொழியும் அறிந்த இக்கரை மாணவர் அல்லரோ?

வரலாற்றோடு நில்லாது இலக்கியத்தையும் காண்பாம். 1955-இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தோன்றிற்று. ழான் பிலியோசா அதன் முதல் தலைவர். அதன் வெளியீட்டு வரிசையில் 1956-இல் வந்த முதல் நூல் காரைக்காலம்மையார் பாடல்களின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாகும். 1968-இல் பிரான்சுவா குரோ பரிபாடலைப் பிரெஞ்சில் பெயர்த்து விரிவான ஆராய்ச்சியுரையோடு வெளியிட்டார். புதுவையில் காக்கப்பெறும் சைவச் சுவடிகள் ஏறத்தாழ 11,000. 2005-இல் யுனெசுகோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. அரிக்கமேட்டு அகழாய்வுபற்றிக் கசால் எழுதி 1949-இல் பாரிசில் வெளிவந்த நூலும் பிரெஞ்சு நூலே. யவனர் வணிகத்தைச் சங்கப் பாடலிற் படிக்கும் நமக்கு அந்நூல் வேண்டாமா? பரிபாடலுக்கு உரைகாணும் தமிழ் மாணவன், பாரிசு நகரத்தார் அப்பாடலை எவ்வாறு உணர்ந்தனர் என்பதை அறிதல் வேண்டாமா?

இனி அண்மையை நோக்குக. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் அடங்கும். சிதம்பரத்திலிருந்தும் காலையிற் பேருந்தேறிச் சென்று மாலையில் மீளலாம். 1889 முதல் அங்கே அலியான்சு பிரான்சேசு பிரெஞ்சு கற்பித்து வருகின்றது. 1956-இல் எழுதி 1962-இல் நிறைவேறிய உடன்படிக்கையால் புதுவை இந்தியாவோடு முற்றும் இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கு வாழ்கின்றன. வீட்டில் தமிழும் ஆவணத்தில் பிரெஞ்சுமாக வாழும் நம் இனத்தார் அவர். அயல்மொழி பேசுவாரைத் தேடிக் கடல் கடக்க வேண்டாது, பெண்ணையாற்றைக் கடந்தாற் போதும் என்னும் வாய்ப்பு எத்தனை ஊரார்க்கு உண்டு? 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியார் அவ்வாய்ப்பை வீணாக்கவில்லை, பிரெஞ்சு கற்றார். பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று முழக்கங்களைத் தமிழாக்கித் தம் 'இந்தியா' இதழின் முகப்பில் தாங்கினார். 1918 நவம்பரில் புதுவை எல்லையைக் கடந்ததும் சிறைப்பட்டு, நம் கடலூர்ச் சிறையிலேதான் அடைபட்டார்.

இன்னுமொரு காரணம் உண்டு. என் நெஞ்சை மிகத் தொடுவது அதுவே. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஆட்கள் வேண்டியிருந்தது. புதுவையிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர் பலர் ரெயூனியன், மர்த்தினிக்கு, குவாதலூப்பு தீவுகட்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். மர்த்தினிக்கு முதற்கப்பல் 1853-இலும், குவாதலூப்புக்கு 1854-இலும் அடைந்தன. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று பிரெஞ்சும் கிரியோலும் பேசுகின்றனர். தமிழ் அவர் நாவினின்று மறைந்தது. பெயர்களில் மட்டும் எஞ்சிற்று. குவாதலூப்பில் 1863-இல் பிறந்து 1952-இல் மறைந்த ஆன்றி சிதம்பரம் என்பார், அத்தீவிற் பிறந்த இந்திய வழியினர்க்கு வாக்குரிமை வேண்டி 1904-இல் தொடுத்த வழக்கு 1923 வரை நீடித்தது. இறுதியில் உரிமை கிட்டிற்று. அவர் பெயரில் நிற்பது நம் ஊர்ப்பெயர். தில்லையின் பெயரைத் தாங்கி ஏழு கடலுக்கு அப்பால் நீதிக்கு நின்றவரை, தில்லையில் படிக்கும் நம்முள் எத்துணைப் பேர் அறிவர்? அவர் வாதாடியதும் எழுதியதும் பிரெஞ்சில். அத்தீவுகளிலிருந்து ஒருவர் தம் முன்னோர் ஊரைத் தேடி இங்கு வருவாராயின், அவரோடு பேச நமக்கு வேண்டுவது பிரெஞ்சு. அவர் தமிழை இழந்தது அவர் குற்றமன்று. நாம் பிரெஞ்சைக் கற்றால் இடையில் அறுந்த கயிற்றை மீட்டும் முடியலாம்.

இதற்கு இரண்டு மறுப்புக்கள் கூறப்படுவதுண்டு. முதலாவது, கைப்பேசியே எம்மொழியையும் நொடியில் பெயர்த்துத் தரும்போது, ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கற்பது எதற்கு என்பது. அக்கருவி பயன்படாதென்று யான் கூறேன். வழிகேட்கவும் விலைகேட்கவும் அதுவே போதும். ஆனால் நாம் காட்டியதையே அது பெயர்க்கும். எந்நூலைத் தேடுவது, எவ்வரியில் நிற்பது, எச்சொல்லில் ஐயுறுவது என்பதனை மொழியறிந்தவனே அறிவான். பரிபாடலை இயற்கையான தமிழறிவின்றிக் கருவியாற் பெயர்த்து ஒருவன் படித்தால் அவன் பெறுவது என்ன என்று நமக்குத் தெரியும். பிறர் இலக்கியத்தை அங்ஙனம் படித்தால் நாம் பெறுவதும் அதுவே.

இரண்டாவது மறுப்புத் தமிழன்பர்களிடமிருந்து எழுவது; அதன் பக்கம் நியாயம் உண்டு. மேனிலைப் பள்ளியிலும் கல்லூரி முதற்பகுதியிலும் தமிழுக்கு மாறாகப் பிரெஞ்சை எடுப்போர் பலர். ஏன் எடுத்தனர் என்று வினவினால், மதிப்பெண் எளிதிற் கிடைக்கும் என்பதே பெரும்பாலும் வரும் விடை. பிரெஞ்சை விரும்பி அன்று, தமிழுக்கு அஞ்சி அதனுட் புகுகின்றனர். புகுந்தவர் தொடக்கப் பாடங்களை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண்ணும் பெறுவர், இறுதியில் தமிழும் அறியார், பிரெஞ்சும் அறியார். இதனை யான் வெறுக்கின்றேன். தமிழின் பெருமை கருதி மட்டுமன்று, பிரெஞ்சின் பெருமை கருதியும் வெறுக்கின்றேன். விக்டர் ஊகோவின் மொழி மதிப்பெண்ணுக்கு ஒதுங்கும் திண்ணையாகலாமா? மேலே யான் காட்டிய பொருள்கள் அனைத்தும் தமிழறிந்தவன் பிரெஞ்சு கற்றாலன்றிப் பயன்படா என்பதை நோக்குக. பிறமொழி தமிழுக்கு மாற்றாக வருதல் வேண்டா, துணையாக வருக. தமிழ் முதற்பகுதியில் இருக்க, பிரெஞ்சை வகுப்பு நேரத்திற்குப் புறம்பே கற்பதே தகும் என்பது என் துணிபு.

இனிக் காப்பதைப்பற்றிக் கூறுவேன். கற்றல் பாதி, காத்தல் மற்றைப் பாதி, அதுவே பெரிய பாதி. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வகுத்தளித்த முறைப்படி மொழியறிவுக்கு ஏ-1 முதல் சி-2 வரை ஆறு படிகள் உள. நம்மவர் முதற்படியிலோ இரண்டாம் படியிலோ சான்றிதழ் பெற்றவுடன் நின்றுவிடுகின்றனர். அது சூளையிற் சுடாத பசுமட்கலம். நீர் வார்த்தவுடன் கரையும். மூன்றாம் படியைக் கடந்து நான்காம் படியை எட்டியவர்க்கே நூல் படிக்கவும் உரையாடவும் இயலும். நூலும் உரையாட்டும் கைவந்தபின் மொழி தன்னைத் தானே ஓரளவு காத்துக்கொள்ளும். பிரெஞ்சுத் தேர்வின் சான்றிதழ் ஆயுள் முழுதும் செல்லும் என்பர். சான்றிதழ் செல்லும், மொழி செல்லுமா? நிலத்திற் புதைத்த தாலந்து உரியவனுக்கு ஊதியம் தராது என்பதை நாம் ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவர்கள்.

காக்கும் நெறிகள் அரியவை அல்ல. ஒரு மொழியை மட்டும் கைக்கொள்க. மூன்றைத் தொடுவோர் ஒன்றையும் பற்றார். ஞாயிறன்று ஐந்து மணி படிப்பதினும் நாடோறும் அரைமணி படிப்பதே நன்று. தமிழில் நன்கறிந்த நூலைப் பிரெஞ்சில் படித்துத் தொடங்குக. மலைப்பிரசங்கமும் கெட்ட குமாரன் உவமையும் பொருள் முன்னரே தெரிந்தவை ஆதலின் அகராதியின் துணை குறைவாகவே வேண்டும். திருக்குறளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் அத்தகையதே. பிரெஞ்சு வானொலி எளிய நடையில் நாடோறும் தரும் செய்தியைக் கைப்பேசியிலேயே கேட்கலாம், அதற்குக் காசில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையைப் பின்பற்றி நாட்குறிப்பு எழுதுக. ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும். அன்று உண்டதும் கண்டதும் எழுதினாலும் குற்றமில்லை. தோழர் ஒருவரைத் துணைக்கொள்க. தனியே கற்றவன் தனியே மறப்பான். திங்கட்கு ஒருமுறையேனும் புதுவை சென்று, நாவிற் பழகிய சொற்களைப் பேசிப் பார்த்து வருக.

இவற்றையெல்லாம் செய்துகாட்டியவர் எவரேனும் உளரோ என வினவின், போப்பையர் உளர். 1820-இற் பிறந்து இளமையில் தமிழ்நாடு போந்து தமிழ் கற்ற அவர், முதுமையில் இங்கிலாந்துக்கு மீண்டார். ஆங்கே தமிழ் பேசுவார் எத்துணைப் பேர் இருந்திருப்பர்? இருந்தும் விட்டாரில்லர். ஆக்சுபோர்டில் தமிழ் கற்பித்தார். 1886-இல் திருக்குறளையும், எண்பதாம் வயதாகிய 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். நம் மொழியை அவர் அறுபதாண்டு காத்தார். அவர் மொழிகளுள் ஒன்றையேனும் நாம் ஆறாண்டு காத்தல் ஆகாதோ?

முடிவாகச் சில வேண்டுகோள். மாணவ அன்பர்களே, இவ்வாண்டு எம்மொழிக்கு விலை ஏறிற்று என்று கேளாது, அம்மொழியில் எனக்குரியது யாது என்று கேண்மின். ஆசிரியப் பெருமக்களே, தமிழுக்கு அஞ்சிப் பிரெஞ்சு வகுப்பிற்கு ஓடிவரும் மாணவரை ஒருமுறை நிறுத்தி, காரணம் வினவியருள்க. தமிழை விரும்பிப் பிரெஞ்சையும் கற்க வருவார்க்கு நூலகத்தில் ஓர் அலமாரியும் மாலையில் ஓர் அறையும் அளித்து உதவுக. வாரத்திற்கொருமுறை ஐந்தாறு பேர் அமர்ந்து படித்தாலும் போதும். பழைய மாணவர்களே, நுங்களுட் பலர் இக்கல்லூரியிலோ பின்னரோ ஒரு மொழி கற்றிருப்பீர்; பிரான்சிலும் பிற நாடுகளிலும் வாழ்வோரும் உளர். வீட்டிற் கிடக்கும் பாடநூலையும் அகராதியையும் எங்களுக்கு அனுப்புங்கள். அதனினும் மேலாக, அம்மொழியில் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். விடை எழுதும் கடமை எங்களைப் படிக்க வைக்கும். எழுதும் முயற்சி நுங்கள் மொழியையும் காக்கும்.

பிறர் வீட்டில் நம் பொருள் உளது. கதவும் அருகில் உளது. தட்டுவதும், திறந்தபின் உள்ளே நிலைப்பதும் நம் கடன்.